அத்தியாயம் 6: கிம்பலுக்கு எந்த டாம்பர்?

கடையில் போய் "நல்ல டாம்பர் பந்து கொடுங்கள்" என்று கேட்டால், அன்றைக்கு அவர்களிடம் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள்மேல் தவறு சொல்ல முடியாது. கிம்பலுக்கு அதிர்வு போகாமல் தடுக்கும் இந்தப் பந்துகளில் நல்ல டாம்பர் என்று தனியாக ஒன்று கிடையாது. இத்தனை கிராம் எடைக்கு, இத்தனை ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு என்று சொன்னால்தான் எது பொருந்தும் என்று பேசவே முடியும். அந்த இரண்டு எண்களையும் வீட்டிலேயே கண்டுபிடிப்பது, அதற்கேற்ற பந்தை வாங்குவது, வாங்கியதைச் சரியாக மாட்டிச் சோதிப்பது ஆகிய மூன்றையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

தயாராக வாங்கிய ட்ரோன் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. டிஜேஐ ஃபேன்டம் 3 போன்றவற்றில் கேமராவின் எடையும் மோட்டாரின் வேகமும் தயாரித்தவருக்கே தெரியும். அதற்கேற்ற ரப்பரை அவரே போட்டுவிடுகிறார். அது கிழிந்தால் அதே மாடலுக்கு உரிய பந்தை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. சொந்தமாகக் கட்டுகிறவர் நிலைமை வேறு. 2022 பிப்ரவரியில் இந்திய அரசு முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. உதிரிப் பாகங்களுக்குத் தடை போடவில்லை. ஃபிரேம் ஓரிடம், மோட்டார் ஓரிடம், கிம்பல் ஓரிடம் என்று வாங்கிச் சேர்க்கிற ட்ரோனில், இந்தக் கேமரா இந்த ஃபிரேமில் எப்படி ஆடும் என்று எந்தத் தயாரிப்பாளரும் யோசித்திருக்க மாட்டார். அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கிம்பல் இருக்கும்போது டாம்பர் எதற்கு?

2013-ல் வந்த முதல் ஃபேன்டமில் கேமராவைச் சாயாமல் நிறுத்தும் கிம்பல் கிடையாது. கோப்ரோ கேமராவை உடம்போடு இறுக்கி மாட்டும் தாங்கி மட்டும்தான் இருந்தது. அப்படி எடுத்த படங்களில் கட்டடங்கள் தண்ணீரில் தெரியும் நிழல்போல நெளிந்தன. ஜெல்லோ என்று பறப்பவர்கள் சொல்வது இதைத்தான். கிம்பல் வந்தபின் அடிவானம் சாயாமல் நின்றது. ஆனால் கிம்பல் மட்டும் வந்ததால் ஜெல்லோ போய்விடவில்லை.

காரணம் எளிது. ட்ரோன் முன்னால் சாய்கிறது, காற்றில் உருள்கிறது என்றால் அது விநாடிக்குச் சில முறை நடக்கும் அசைவு. கிம்பலின் சென்சார் அதைப் பார்த்து, மோட்டார் எதிர்த்திசையில் திருப்பிச் சரிசெய்துவிடும். ப்ரொப்பெல்லர் சுற்றுவதால் வரும் அதிர்வோ விநாடிக்கு 50 முதல் 200 முறை வரை வரும். அந்த வேகத்துக்கு கிம்பல் மோட்டாரால் ஈடுகொடுக்க முடியாது. அதைவிட மோசம், பலமான அதிர்வு கிம்பலின் சென்சாரையே குழப்பிவிடும். அடிவானம் மெல்லச் சாய்ந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே மெதுவான அசைவைக் கிம்பலும் வேகமான அதிர்வை டாம்பரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெல்லோ உண்டாகும் விதத்தையும் தெரிந்துகொண்டால் பின்னால் சோதிக்கும்போது உதவும். நாம் பயன்படுத்தும் கேமராக்கள் பெரும்பாலும் ரோலிங் ஷட்டர் வகை. படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். ஒரு படத்தைப் படித்து முடிக்க 20 மில்லி விநாடி ஆகிறது என்று வையுங்கள். கேமரா 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் அதற்குள் இரண்டு முறை முழுதாக ஆடி முடித்துவிடும். நேரான சுவரில் இரண்டு அலை தெரியும்.

இனி ஒரு கணக்கு. இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் லென்ஸ் குறுக்கே 74 பாகை பார்க்கிறது, படம் 4கே, அதாவது குறுக்கே 3840 புள்ளிகள். 50 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடத்தின் மட்டத்தில் உங்கள் படம் ஏறத்தாழ 75 மீட்டர் அகலத்தை அடக்குகிறது. ஒரு புள்ளி 2 சென்டிமீட்டர். கேமரா திரும்பாமல் பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் படத்தில் தெரியும் அசைவு ஒரு புள்ளியில் 20-ல் ஒரு பங்கு. யார் கண்ணுக்கும் தெரியாது. அதே கேமரா நகராமல் 0.1 பாகை திரும்பினால் 5 புள்ளி அசைவு. அது எல்லோர் கண்ணிலும் படும். படத்தைக் கெடுப்பது கேமராவின் குலுக்கலைவிட அதன் திருகல்தான். டாம்பரின் இடம், இடைவெளி பற்றிப் பின்னால் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த 5 புள்ளிதான்.

முதலில் அதிர்வைக் குறையுங்கள்

சமநிலை கெட்ட ப்ரொப்பெல்லரை வைத்துக்கொண்டு டாம்பர் தேடுவது வீண்செலவு. காந்தத் தாங்கியுள்ள ப்ராப் பேலன்ஸரில் ஒவ்வொரு ப்ரொப்பெல்லரையும் வைத்துப் பாருங்கள். கனமான பக்கம் கீழே இறங்கும். லேசான இறக்கையின் முதுகில் சிறு துண்டு டேப் ஒட்டிச் சமன் செய்யுங்கள். நுனி சிதைந்த, நடுவில் விரிசல் விட்ட ப்ரொப்பெல்லரைச் சமன் செய்ய முயலாமல் தூக்கிப் போடுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கை விரலில் நறநறவென்று உணர்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கும் அல்லது தண்டு வளைந்திருக்கும். ஃபிரேமின் கைகளில் தளர்ந்த திருகு ஒன்று இருந்தாலும் போதும், எல்லாமே கெட்டுவிடும்.

ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் ட்ரோன் என்றால் விமானக் கட்டுப்பாட்டுப் பலகையே அதிர்வைப் பதிந்து வைக்கும். வைப் என்ற பெயரில் இருக்கும் மூன்று அச்சு எண்களும் 30-க்குக் கீழே இருந்தால் ட்ரோனின் உடம்பு ஆரோக்கியமாக இருக்கிறது. 60-ஐத் தாண்டினால் கேமராவை விடுங்கள், பறப்பதற்கே ஆபத்து.

எடையை நிறுப்பது

சமையலறைத் தராசு போதும். பந்துகளுக்குக் கீழே தொங்குகிற எல்லாவற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டும்: பந்துகள் தாங்கும் கீழ்த்தட்டு, கிம்பல், கேமரா, அதன் பேட்டரி, மெமரி கார்டு, வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டும் என்டி ஃபில்டர். பலர் கேமராவை மட்டும் நிறுத்துவிட்டுப் பந்து வாங்குகிறார்கள். கிம்பலின் எடை சில சமயம் கேமராவைவிட அதிகம்.

நிறுத்ததைப் பந்துகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 320 கிராம், நான்கு பந்து என்றால் பந்துக்கு 80 கிராம். ஆனால் இப்படி வகுப்பது எடை நான்கு மூலைக்கும் நடுவில் இருந்தால்தான் சரி. கேமரா முன்னால் தள்ளித் தொங்கும் கிம்பல்களில் முன் பந்துகள் இரண்டும் 110 கிராம் வீதமும் பின் பந்துகள் இரண்டும் 50 கிராம் வீதமும் சுமக்கக்கூடும். அப்போது முன்பக்கம் அதிகம் இழுபட்டுத் தட்டு சாய்ந்து நிற்கும். மேலும் கீழும் வரும் ஒவ்வொரு அதிர்வும் கேமராவைத் திருகும். கிம்பலைப் பின்னால் நகர்த்தி மாட்ட முடிந்தால் அதுவே சிறந்த வழி. முடியாவிட்டால் முன்னால் விறைப்பான பந்தும் பின்னால் மிருதுவான பந்தும் போட்டு, நான்கும் ஒரே அளவு இழுபடும்படி செய்யுங்கள்.

அதிர்வெண்ணைக் காது வழியாகப் பிடிப்பது

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இதற்குப் போதும். ட்ரோனை முழு எடையோடு, கேமராவும் மாட்டி, காற்றில்லாத நேரத்தில் தலை உயரத்துக்குச் சற்று மேலே அந்தரத்தில் நிறுத்துங்கள். ஒதுங்கி நின்று செயலியில் ஒலி அலைமாலை சோதனையை ஓட்டுங்கள். திரையில் முதலாவதாக ஓங்கி நிற்கும் முனை பெரும்பாலும் இறக்கை காற்றை வெட்டும் ஒலி. இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் என்றால் அந்த எண்ணை இரண்டால் வகுங்கள், மூன்று இறக்கை என்றால் மூன்றால். 180 ஹெர்ட்ஸில் முனை தெரிந்தால் சுழற்சி 90 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 5400 சுற்று. சமநிலை கெட்டதால் வரும் அதிர்வு இந்த 90-ல் வரும். இறக்கையால் வருவது 180-ல் வரும்.

அடுத்து ட்ரோனை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே மறுபடி பதியுங்கள். இறங்கும்போது மோட்டார் தளரும். 90 இருந்தது 72 ஆகலாம். நமக்கு வேண்டியது இந்தக் குறைந்த எண்தான். டாம்பருக்குக் கடினமான வேலை மெதுவான அதிர்வைத் தடுப்பது. அதைச் செய்துவிட்டால் வேகமானவை தாமே அடங்கும்.

கணக்கு: ஒரு மில்லிமீட்டர் விதி

பந்தின்மேல் தொங்கும் எடையைத் தட்டிவிட்டால் அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மேலும் கீழும் ஆடும். அதை இயல்பு அதிர்வெண் என்போம். ட்ரோனிலிருந்து வரும் அதிர்வு இந்த எண்ணோடு ஒத்துப்போனால் டாம்பர் அதைத் தடுக்காது, பெருக்கிவிடும். வரும் அதிர்வு இயல்பு எண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் டாம்பர் வேலை செய்யவே தொடங்கும். இரண்டரை மடங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கடந்து வரும். நான்கு மடங்கில் 15-ல் ஒரு பங்கு. நான் நான்கு மடங்கைத்தான் குறியாக வைக்கச் சொல்வேன். மூன்றுக்குக் கீழே போனால் பயனில்லை.

நம் உதாரணத்தில் குறைந்த எண் 72. அதை நான்கால் வகுத்தால் 18 ஹெர்ட்ஸ். பந்தும் எடையும் சேர்ந்து 18 ஹெர்ட்ஸில் ஆட வேண்டும். இதை எப்படி அறிவது? எடையைத் தொங்கவிட்டதும் பந்து எவ்வளவு இழுபடுகிறது அல்லது நசுங்குகிறது என்பதை அளந்தாலே போதும். 0.3 மில்லிமீட்டர் என்றால் 29 ஹெர்ட்ஸ், 0.5 என்றால் 22, 1 மில்லிமீட்டருக்கு 16, இரண்டரைக்கு 10. வேறு அளவு வந்தால் 248-ஐ அந்த மில்லிமீட்டரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் வேகமாக ஆட்டப்படும்போது நின்ற நிலையில் இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். எனவே உண்மை எண் கணக்கில் வருவதைவிடச் சற்று மேலேதான் இருக்கும். 18 வேண்டும் என்றால் கணக்கில் 16 வருமாறு பாருங்கள். அதாவது 1 மில்லிமீட்டர். ஆக்‌ஷன் கேமரா, 9 அல்லது 10 அங்குல ப்ரொப்பெல்லர் உள்ள நடுத்தர ட்ரோனுக்கு இந்த ஒரு மில்லிமீட்டரை நம்பித் தொடங்கலாம்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது லாரியில் போனவர்களுக்குத் தெரியும். காலி லாரி ஒவ்வொரு மேட்டிலும் தூக்கித் தூக்கிப் போடும். அதே லாரி பாரம் ஏற்றியதும் மெத்தென்று போகும். அடியில் இருக்கும் வில்பட்டை மாறவில்லை, பாரம்தான் மாறியது. கனமான கேமராவுக்கு அருமையாக வேலை செய்த பந்து லேசான கேமராவுக்கு வெறும் முட்டுக்கட்டை ஆவது இதனால்தான். 60, 70 கிராம் கேமராவை அதிர்விலிருந்து பிரிப்பது ஒரு கிலோ கேமராவைப் பிரிப்பதைவிடக் கடினம். அத்தகைய இடத்தில் மேலும் மேலும் மிருதுவான பந்தைத் தேடுவதைவிட, கீழ்த்தட்டில் 30 கிராம் பித்தளைத் துண்டு ஒன்றைத் திருகிப் பாருங்கள். பறக்கும் நேரம் சற்றுக் குறையும். படத்தில் கிடைக்கும் பலன் அதற்கு ஈடாகும். கொஞ்சம் பெரிய ஃபிரேமில் ட்ரோனின் பேட்டரியையே கிம்பல் தொங்கும் தட்டில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. எடையைக் கூட்ட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை, எப்படியும் சுமக்க வேண்டிய எடைதானே.

மிருது எவ்வளவு போதும்

"இன்னும் மிருது" என்ற ஆசை பலரைக் கெடுத்திருக்கிறது. இயல்பு எண்ணை 5, 6 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் காகிதத்தில் கணக்கு அழகாக வரும். காற்றில் அப்படி இல்லை. ட்ரோன் திடீரென்று நிற்கும்போது கேமரா ஊஞ்சல்போல ஆடி, அடங்க நேரம் எடுக்கும். கிம்பல் மோட்டார் ஒரு பக்கம் திருப்பினால் அதன் எதிர்விசையில் தொளதொளத்த தட்டு மறுபக்கம் அசையும். அந்த அசைவைச் சென்சார் பார்த்து மறுபடி திருத்தும். இப்படியே ஒரு நடுக்கம் பிறந்துவிடும். கிம்பல் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஐடி எண்களைக் குறைத்துத்தான் அதை அடக்க வேண்டியிருக்கும். குறைத்தால் கிம்பலின் பிடி தளரும். இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இழுபடும் பந்தைச் சிறு ட்ரோனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மோட்டார் தொடங்கும்போதும் நிற்கும்போதும் கேமரா ஒரு கணம் பலமாக உதறினால் பயப்பட வேண்டாம். சுழற்சி 18 ஹெர்ட்ஸைக் கடந்து போகும் கணம் அது. பறக்கும்போது வராதவரை சரி.

பந்து, ஜெல், கம்பி

சந்தையில் அதிகம் கிடைப்பது உள்ளே வெற்றிடமும் இரு முனையிலும் கழுத்தும் உள்ள சிலிக்கோன் பந்து. நடுத்தர ட்ரோனுக்கு இதுவே என் முதல் தேர்வு. குளிரிலும் வெயிலிலும் அதன் மிருது அதிகம் மாறாது. ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் பறக்கவிட்டாலும், ஊட்டியில் விடியற்காலையில் பறக்கவிட்டாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும். குறை என்னவென்றால் சிலிக்கோன் எளிதில் கிழியும். கழுத்தில் நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தால் அங்கிருந்து முழுக்கப் பிளந்துவிடும். இயற்கை ரப்பர் கிழிசலைத் தாங்கும், ஆனால் வெயிலில் சில மாதங்களில் மேலெல்லாம் நுண்ணிய வெடிப்பு விடும், குளிரில் விறைக்கும்.

பந்தின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் சிவப்பு விறைப்பாக இருக்கும், இன்னொருவரின் சிவப்பு மிருதுவாக இருக்கும். நிறத்துக்கு எந்தப் பொதுத் தரமும் இல்லை. ஷோர் ஏ என்று ஓர் எண் போட்டிருந்தால் அது ரப்பரின் கடினத்தைச் சொல்கிறது. பந்தின் விறைப்பைச் சொல்லாது. ஒரே ஷோர் எண்ணில் சுவர் தடித்த பந்து விறைப்பாகவும் மெலிந்த பந்து மிருதுவாகவும் இருக்கும். பந்துக்கு இத்தனை கிராம் என்று தாங்கும் எடை போட்டு விற்பவரிடம் வாங்குவது மேல். அதையும் அளந்துதான் நம்ப வேண்டும்.

அளப்பது சிரமமில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே நான்கு பந்துகளை மாட்டி, இடைவெளியை வெர்னியர் காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். கிம்பலின் எடைக்குச் சமமான பொருளை, உண்மையில் எப்படித் தொங்குமோ அப்படியே தொங்கவிட்டு மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் உங்கள் மில்லிமீட்டர். இழுக்கும்போது ஒரு விறைப்பு, நசுக்கும்போது வேறு விறைப்பு என்பது வெற்றிடப் பந்தின் குணம். ஆகவே பயன்படுத்தப்போகும் திசையிலேயே அளக்க வேண்டும். 0.4 வந்தால் மிருதுவான பந்துக்கு மாறுங்கள் அல்லது எடையைக் கூட்டுங்கள். இரண்டரை வந்தால் நான்கு பந்தை எட்டாக்குங்கள், இழுபாடு பாதியாகும். பந்தின் ஓட்டைக்குள் காதில் வைக்கும் பஞ்சு அடைப்பானைத் திணிப்பது பழைய கைவேலை. பந்தைச் சற்று விறைப்பாக்கி, ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கும். மெல்லிய திருத்தம் மட்டும் வேண்டிய இடத்தில் இதைச் செய்யலாம்.

ஜெல் தட்டைகளும் சார்போதேன் போன்ற பொருள்களும் ஆட்டத்தை உள்ளுக்குள்ளேயே வெப்பமாக்கி விழுங்குகிறவை. காற்றில் ஊஞ்சலாடும் கேமராவை அவை நன்றாக அடக்கும். ஆனால் விழுங்கும் திறன் கூடக்கூட வேகமான அதிர்வைக் கடத்திவிடும் குணமும் கூடும். அவற்றை விமானக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அடியில் வைக்கலாம். 5 அங்குல ப்ரொப்பெல்லர் ட்ரோனில் கிம்பல் இல்லாமல் மாட்டும் சிறு கேமராவுக்கும் வைக்கலாம். அங்கே அதிர்வு 200 ஹெர்ட்ஸை ஒட்டி வருவதால் தடுப்பது சுலபம். கிம்பலுக்கு மட்டும் பந்துதான்.

இரண்டு மூன்று கிலோ கேமராவைத் தூக்கும் பெரிய ஹெக்ஸா, ஆக்டோக்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவடச் சுருள்கள் கிடைக்கின்றன. புரிகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் அடங்கும். கிழியாது, வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் மிக நுண்ணிய அதிர்வில் அந்த உராய்வே புரிகளைப் பூட்டிவிடும். அப்போது கம்பி கம்பியாகவே நிற்கும். பெரிய ட்ரோனில் ப்ரொப்பெல்லர் 18 அங்குலம், சுழற்சி 50 ஹெர்ட்ஸ் அளவு. நான்கு மடங்கு விதிப்படி 12 ஹெர்ட்ஸ் வேண்டும், அதாவது 1.7 மில்லிமீட்டர் இழுபாடு. கம்பிச் சுருளை வாங்குமுன் உங்கள் எடைக்கு அது இவ்வளவு அமிழுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பெரிய அளவு சிலிக்கோன் பந்து எட்டு போடுவது பாதுகாப்பான முடிவு.

மாட்டும் முறை

பந்துகளை நெருக்கமாக வைத்தால் தட்டு எளிதில் திருகிக்கொள்ளும். தள்ளித்தள்ளி வைத்தால் திருகல் குறையும். அந்த 5 புள்ளியை நினைவில் வைத்து, ஃபிரேம் அனுமதிக்கும் அளவு அகலமாக வையுங்கள். அதேபோல் தொங்கும் எடையின் மையம் பந்துகள் இருக்கும் மட்டத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கேமரா வெகு கீழே தொங்கினால், பக்கவாட்டில் வரும் குலுக்கல் முழுவதும் திருகலாக மாறிவிடும். கிம்பலுக்கும் தட்டுக்கும் இடையே தேவையில்லாத நீட்டுக் குழாயோ கூடுதல் தட்டோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கீழ்த்தட்டு பந்தில் தொங்கும் அமைப்பில் பந்து எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கிம்பலின் தட்டை ட்ரோனின் தட்டுக்கு மேலே வைத்தால் பந்து நசுங்கும். கழுத்து பிய்ந்தாலும் கேமரா விழாது. இடம் இருந்தால் இந்த இரண்டாவது அமைப்பையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால், பந்து பிய்ந்தாலும் கேமரா விழாமல் பிடிக்கும் தடுப்பு ஊசி கட்டாயம் வேண்டும். ஃபேன்டம் 3-ல் எதிரெதிர் மூலைகளில் இதற்கென்றே பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. நீங்கள் தங்கூஸ் நரம்பால் இரண்டு மூலையில் வளையம் போட்டுக் கட்டலாம். வளையம் தளர்ந்து தொங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் அதிர்வு பந்தைச் சுற்றிக்கொண்டு நரம்பு வழியே கேமராவுக்கு வந்துவிடும்.

ஒயர்களிலும் இதே கதைதான். தடித்த எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று விறைப்பாக மேல்தட்டிலிருந்து கேமராவுக்குப் போனால் நீங்கள் தேடித்தேடி வாங்கிய நான்கு பந்தும் வீண். மெல்லிய ரிப்பன் வகைக் கேபிளும் சிலிக்கோன் உறை போட்ட ஒயரும் பயன்படுத்தி, தாராளமாக ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். படம் நெளிகிறது என்று பந்தை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள். குற்றவாளி பல இடங்களில் அதுதான்.

பந்தைத் துளையில் நுழைக்கும்போது கூரிய இடுக்கி வேண்டாம். முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சி எடுத்து, பந்தின் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தொட்டு, மெதுவாகத் திருகி உள்ளே தள்ளுங்கள். கார்பன் தட்டின் துளை ஓரம் கூர்மையாக இருந்தால் முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இயற்கை ரப்பரில் எண்ணெயும் கிரீஸும் படக்கூடாது, ஊதிப் பெருக்கும். சிலிக்கோன் பந்தில் சிலிக்கோன் கிரீஸும் அதே கெடுதியைச் செய்யும்.

சோதித்துப் பார்ப்பது

முதலில் தரையில். கிம்பலைக் கழற்றி, அதே எடை வரும்படி ஒரு கைபேசியையும் தேவையான துணை எடையையும் கீழ்த்தட்டில் இறுக்கிக் கட்டுங்கள். ஃபைஃபாக்ஸில் முடுக்க அலைமாலையை ஓடவிட்டு, விரலால் தட்டைச் சுண்டுங்கள். முனை 16-க்கும் 20-க்கும் நடுவே தெரிந்தால் உங்கள் கணக்கு சரி. மேலும் கீழும் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, திருகி விட்டு ஒரு முறை சுண்டுங்கள். திருகும்போது வரும் எண் வெகு கீழே போனால் பந்துகளை இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்து கிம்பலை மாட்டி, ட்ரோன் மோட்டார்களை ஓட்டாமல் கிம்பலுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அப்போதே ரீங்காரமும் நடுக்கமும் இருந்தால் அது பிஐடி எண்கள் அதிகமானதால் வருவது. பந்தை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

பிறகு வானத்தில். என்டி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஷட்டரை 1/1000 விநாடிக்கு மேல் வைத்து, நேர்கோடுகள் உள்ள கட்டடம் ஒன்றைப் படமெடுங்கள். வேகமான ஷட்டரில்தான் ஜெல்லோ ஒளிந்துகொள்ள முடியாமல் வெளியே வரும். 1/50-ல் எடுத்தால் நெளிவு மங்கலோடு கலந்துவிடும்; நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கூர்மை குறைந்த படத்தோடு வீட்டுக்கு வருவீர்கள். அந்தரத்தில் நிற்பது, முன்னால் வேகமாகப் போவது, நேராகக் கீழே இறங்குவது மூன்றையும் எடுத்துப் பாருங்கள். இறங்கும்போது மட்டும் நெளிந்தால் இயல்பு எண் இன்னும் சற்றுக் கீழே வர வேண்டும். வேகமாகப் போகும்போது மட்டும் ஆடினால் பந்து அளவுக்கு மீறி மிருது.

வைத்திருக்கும் முறை

ட்ரோனைப் பெட்டியில் வைக்கும்போது கிம்பலைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டைப் போடுங்கள்; மாதக்கணக்கில் இழுபட்டே கிடந்த பந்து பழைய நீளத்துக்குத் திரும்பாது. பறக்குமுன் பூட்டை எடுக்க மறக்காதீர்கள். கேமராவையோ லென்ஸையோ மாற்றினால் எடையை மறுபடி நிறுத்து, மில்லிமீட்டரை மறுபடி அளங்கள். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பந்தின் கழுத்தை விரலால் விரித்து வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டு விழுந்த பந்தை ஃபெவிக்விக் போட்டு ஒட்ட முயல வேண்டாம். சிலிக்கோனில் அது பிடிக்காது. ஒரு பந்து போனால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், அதற்காக வாங்கும்போதே இரண்டு செட் வாங்கி வையுங்கள். தடுப்பு ஊசியோ நரம்போ கட்டாத கேமராவை ஆட்கள் இருக்கும் இடத்தில் ஒருபோதும் பறக்கவிடாதீர்கள்.